காப்போரின் உறக்கம்: கல்முனைக் கரையோர வரலாறு உணர்த்தும் ஓர் உண்மை

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அச்சமூகம் விழித்திருந்து ஆற்றிய செயல்களையே பெரிதும் எழுதுவர். போரும் குடியேற்றமும் வணிகமும் வழிபாடும் வரலாற்று ஏடுகளில் இடம்பெறுகின்றன. மனித வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினை எடுத்துக்கொள்ளும் உறக்கம் அவ்வேடுகளில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஊரொன்றுக்கு வெள்ளமோ புயலோ தீயோ நேரும்போது முதலில் ஓடிவந்து உயிர்காப்போர் எவ்வளவு உறங்கினர் என்பது, அவ்வூரில் எத்தனை உயிர்கள் பிழைத்தன என்பதோடு நெருங்கிய தொடர்புடையது. கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அடுத்தடுத்து அமைந்த ஊர்களின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வுண்மையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆபத்து வேளையில் முதலில் வந்துதவுவோரை இங்குச் சுருக்கமாகக் ‘காப்போர்’ எனக் குறிப்பிடுவது பொருந்தும். தீயணைப்போர், பொலிஸார், அம்புலன்ஸ் சேவையாளர், அவசர சிகிச்சைப் பிரிவின் வைத்தியர், தாதியர், சிற்றூழியர் ஆகியோர் இவ்வகையினர். பதவியும் சீருடையும் இன்றித் தோணியோடும் கயிற்றோடும் ஓடிவரும் மீனவரும் அயலவரும் இவர்களோடு சேர்த்து எண்ணத்தக்கவரே. கல்முனைக் கரையைப் பொறுத்தவரை இப்பிற்கூறப்பட்டோரே பெரும்பாலும் முதலில் வந்து சேர்ந்தோர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மரபிலே காவலும் துயிலும்

தமிழிலக்கியம் உறக்கத்தைப் பொதுவாக ஐயத்தோடு நோக்கியது. வள்ளுவர் ‘மடியின்மை’ அதிகாரத்தில் துயிலைக் கேட்டுக்கு இட்டுச்செல்லும் நான்கனுள் ஒன்றாக எண்ணினார். நெடுநல்வாடையின் வேந்தன் நள்ளிரவிலும் உறங்காது, வாடைக்காற்றுக்கிடையே சிலரோடு பாசறையிற் சென்று புண்பட்ட வீரரைக் காண்கிறான். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் ஊர்க்காவலர், மழை பொழியும் நடுயாமத்திலும் தளராது திரிகின்றனர். கம்பனின் இலக்குவனோ கண்ணிமையாது இரவெல்லாம் காவல் நிற்கிறான். இவ்வாறு உறங்காமையைக் காவலின் இலக்கணமாகவே புலவர் கண்டனர்.

எனினும் காவலரும் மனிதரே என்பதை மறவாத புலவரும் இருந்தனர். முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறையிலே, காற்றில் அசையும் பூங்கொடிபோல அசைந்து நடக்கும் முதிய மெய்காப்பாளர் வருகின்றனர். அவ்வசைவு துயில் மயக்கத்தினால் ஆயது எனப் பொருள் கொள்வர். அதே பாசறையில் நீர்க்கருவி கொண்டு பொழுதை அளந்து அறிவிக்கும் நாழிகைக் கணக்கரும் உளர். ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணிநேரம், ஒரு யாமம் எனப்பட்டது. இரவை யாமங்களாகப் பகுத்து அளந்த வழக்கம், இரவுக் காவலைப் பலரிடையே பகிர்வதற்கும் வாய்ப்பளித்தது. கடலோடிகள் நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும் உலகப் பொதுவழக்கும் இதனையொத்ததே.

அம்பாறைக் கரையோர முஸ்லிம்கள் போற்றும் இசுலாமிய மரபு இவ்விடயத்தில் மேலும் தெளிவானது. குர்ஆனின் எழுபத்தெட்டாம் அத்தியாயம் உறக்கத்தை மனிதருக்கு ஓய்வாக அருளப்பட்டதொன்றாகக் குறிப்பிடுகின்றது. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரை நோக்கி, உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமை உண்டென நபிகள் நாயகம் அறிவுறுத்தியமை நபிமொழித் தொகுதிகளிற் காணப்படுகின்றது. தாதுர் ரிகாஉ என்னும் படையெடுப்பின்போது இரவுக் காவலுக்கு நின்ற தோழர் இருவர், ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருப்பது என இரவைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர் என்ற செய்தியும் உண்டு. அச்ச வேளைத் தொழுகையிலே ஒரு பிரிவினர் தொழ மறுபிரிவினர் காவல் நிற்பர். வழிபாட்டைக்கூட முறைவைத்துப் பகிரும் இவ்வொழுங்கில், காவல் என்பது தனியொருவரின் வைராக்கியத்தில் தங்கியிராமல் பலரின் ஒழுங்கில் தங்கியிருந்தமை தெரிகின்றது.

இவ்வொழுங்கு ஏட்டளவில் நின்றதன்று. கல்முனைக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல் வட்டைகளில் வேளாண்மை விளையும் காலத்தில் யானையும் பன்றியும் புகாவண்ணம் பரண் அமைத்துக் காவல் காப்பது நெடுநாள் வழக்கமாகும். ஒருவர் தீயை அணையாது பார்த்திருக்க மற்றையோர் கண்ணயர்வர். நேரம் வந்ததும் முறை மாறுவர். கடற்கரை வாடிகளில் தங்கும் கரைவலைத் தொழிலாளரும் கடல் பார்க்கவும் ஓய்வெடுக்கவும் தமக்குள் முறை வைத்துக்கொள்வர். றமழான் இரவுகளில் றபான் ஒலித்துப் பாடி ஸஹருக்கு ஊரை எழுப்பும் பக்கீர்மார் விழித்திருப்பதனாலேயே ஊரார் கவலையின்றி உறங்க முடிந்தது. இரவிலே குறைந்த துயிலைக் ‘கைலூலா’ எனப்படும் நண்பகற் சிறுதுயிலால் ஈடுசெய்யும் பழக்கமும் முஸ்லிம்களிடையே உண்டு. ஆகவே, விழிப்பினைப் பகிர்ந்துகொள்ளும் கலை இம்மண்ணுக்குப் புதியதன்று.

கடலும் காற்றும் வந்த நாட்கள்

ஒருபுறம் கடலும் மறுபுறம் தாழ்ந்த வயல்நிலமும் சூழ, இடையிலே மணல்மேட்டில் நெருங்கி அமைந்த ஊர்கள் இவை. 1957ஆம் ஆண்டு டிசெம்பரில் ஏற்பட்ட பெருவெள்ளம் கல்லோயாப் பள்ளத்தாக்கினையும் கிழக்குக் கரையையும் பெரிதும் பாதித்தது. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி கிழக்கு மாகாணத்தில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் உயிர்களைக் கொண்டது. தென்னந்தோப்புகள் சாய்ந்து வீதிகளை மறித்தன. அவ்விரவில் உறங்கியோர் சிலரே. விடிந்தபின் மரம் தறித்து வழி திறந்தோரும் காயமுற்றோரைச் சுமந்தோரும் கூரையிழந்தோருக்கு உணவு தேடியோரும், முன்னிரவு முழுவதும் தம் வீட்டுச் சுவர்களுக்கிடையே உயிருக்குப் போராடியவர்களே. காப்போர் தாமும் பாதிக்கப்பட்டோராய் இருத்தல் என்னும் இந்நிலை, கால் நூற்றாண்டின் பின்னர் மிகக் கொடூரமான வடிவில் மீண்டும் தோன்றியது.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று முழுநிலாத் தினமாகையால் நாடெங்கும் விடுமுறை. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துள் கிழக்கிலங்கையை அடைந்தது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் அன்று இருக்கவில்லை. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுந்த உயிரிழப்புக்கு உள்ளானது அம்பாறையே. அங்கு இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்கள் அடியோடு அழிந்தன.

விடுமுறை நாளில் வைத்தியசாலைகள் குறைந்த ஆளணியுடன் இயங்குவதே வழமை. அந்நாளிலேயே இப்பேரிடர் வந்தது. இடிபாடுகளுக்கிடையே கல்முனையில் கண்டெடுக்கப்பட்ட கைக்குழந்தையொன்று, அன்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோருள் எண்பத்தோராமவராகப் பதியப்பட்டதால் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ என உலகச் செய்திகளிற் குறிப்பிடப்பட்டது. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை மூலமே அக்குழந்தை தன் பெற்றோரிடம் சேர்ந்தது. அவ்விலக்கமே அன்றைய வைத்தியசாலையின் நிலையைக் காட்டப் போதுமானது. ஒவ்வொரு இலக்கத்தின் பின்னும் ஒரு நோயாளியும், அந்நோயாளியை நோக்கிக் குனிந்த ஒரு தாதியும் இருந்தனர்.

முதலில் உதவிக்கு வந்தோர் ஊரவரே. பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் அகதி முகாம்களாயின. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சுமந்தனர். முஸ்லிம்களின் ஜனாஸாக்களைத் தாமதமின்றி அடக்கஞ் செய்தல் கடமையாதலின், உயிருடன் இருப்போரை மீட்கும் பணியும் இறந்தோரைப் புதைக்கும் பணியும் ஒரே வேளையில் அவ்விளைஞர் தோள்களில் வீழ்ந்தன. பகலில் தொடங்கிய பணி இரவும் மறுநாளும் அதன் மறுநாளும் நீண்டது. தம் வீட்டாரைத் தேடிக்கொண்டே பிறர் வீட்டாரை எடுத்தோர் அவர்களிற் பலர்.

இத்தகையோரின் தியாகம் போற்றுதற்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரலாற்று மாணவன் போற்றுதலோடு நின்றுவிடுதல் ஆகாது. ஞாயிறு விடியற்காலை எழுந்த ஒருவர் திங்கள் விடியும்வரை உறங்காது பணியாற்றினால், அவரது கையும் கண்ணும் தீர்ப்பும் எந்நிலையில் இருந்திருக்கும் என்பது வினவப்பட வேண்டிய வினாவாகும். அதற்கு விடையளிக்கும் அறிவு அன்றே உலகில் இருந்தது.

உறக்கத்தை உலகம் ஆராய்ந்த வரலாறு

உறங்காத மனிதருக்கு நேர்வது யாது என்பதை ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக அளந்தோர், அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த பற்றிக், கில்பேட் என்னும் இருவராவர். 1896இல் வெளியான அவர்களது ஆய்வில், ஏறத்தாழத் தொண்ணூறு மணிநேரம் விழித்திருந்தோரின் நினைவாற்றலும் செயல் வேகமும் குன்றியமை காட்டப்பட்டது. 1938இல் நதானியல் கிளைற்மன் கென்ரக்கியின் மம்மத் குகைக்குள், ஒளியும் ஒலியும் புகாத இடத்தில், தம் மாணவரோடு ஒரு மாதத்துக்கும் மேலாகத் தங்கி உடலின் நாளொழுங்கை ஆராய்ந்தார். 1953இல் அவரும் அவர் மாணவர் அசெரின்ஸ்கியும் கண்விழிகள் விரைந்து அசையும் உறக்க நிலையைக் கண்டறிந்தனர். அதன் பின்னரே உறக்கம் வெறும் செயலற்ற நிலையன்று என்பது உறுதியாயிற்று. ஆழ்ந்த துயிலும் கனவுத் துயிலும் ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிமாறி வருகின்றன. ஆழ்துயிலில் உடல் தன்னைச் சீர்செய்கின்றது. கனவுத் துயிலில் நினைவும் உணர்வும் ஒழுங்குபடுகின்றன. எனவே உறக்கத்தின் அளவு மட்டுமன்றி அதன் தரமும் முக்கியமாகின்றது. அரைமணிக்கு ஒருமுறை மணியொலியால் எழுப்பப்படும் தீயணைப்பாளர் எட்டு மணிநேரம் படுத்திருப்பினும் உறங்கியவர் ஆகார்.

உடலினுள் ஒரு கடிகாரம் உண்டென்பதும் இக்காலத்தில் தெளிவாயிற்று. அதன் மூலக்கூற்று இயக்கத்தை விளக்கிய ஹோல், றொஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரத்தின்படி பின்னிரவில் உடல்வெப்பம் தாழ்ந்து விழிப்பு மிகக் குன்றும். 1979இல் அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணுநிலைய விபத்து அதிகாலை நான்கு மணியளவிலும், 1984இல் போபால் நச்சுவாயுக் கசிவு நள்ளிரவை அண்டியும், 1986இல் செர்னோபில் வெடிப்பு பின்னிரவு 1.23 மணிக்கும் நிகழ்ந்தமை நினைவுகூரத்தக்கது. இவற்றுக்குக் காரணங்கள் பலவாயினும், தவறு நேரின் அதைத் திருத்தவேண்டிய மனித மனம் மிக மந்தமாயிருக்கும் வேளை அதுவே.

1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் டோசனும் றீட்டும் எளிதில் மறக்கவியலாத ஓர் ஒப்பீட்டைச் செய்தனர். பதினேழு மணிநேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் திறனை ஒத்திருந்தது. இருபத்துநான்கு மணிநேரம் விழித்திருந்தாலோ அது ஏறத்தாழ 0.10 வீதத்தை ஒத்தது. பல நாடுகளில் வாகனம் செலுத்தத் தடைவிதிக்கும் அளவு இது. இவ்வளவைக் கல்முனையின் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருத்திப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு முதலளவையும் திங்கள் விடியலில் இரண்டாம் அளவையும் எட்டியிருப்பார். மது அருந்திய ஒருவர் காயத்துக்குத் தையலிடவோ மருந்தின் அளவைக் கணக்கிடவோ அம்புலன்ஸ் ஓட்டவோ முன்வருவாராயின் எந்தச் சமூகமும் அதனை ஏற்காது. மதுவை விலக்கிய முஸ்லிம் ஊர்களில் அதனைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயின் அதே தடுமாற்றத்தை உறக்கமின்மை தரும்போது அது தடுமாற்றமாகத் தோன்றுவதில்லை, கடமையுணர்வாகவே தோன்றுகின்றது. உறக்கமற்றவர் தம் மந்தநிலையைத் தாமே சரியாக மதிப்பிட இயலாதவராயிருத்தல் இவ்வாபத்தை மேலும் பெருக்குகின்றது.

வைத்தியத்துறை இவ்வுண்மையை ஒரு மரணத்தின் வழியே உணரத் தொடங்கியது. 1984இல் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் பதினெட்டு வயது யுவதி ஒருத்தி இறந்தாள். அவளைப் பராமரித்த பயிற்சி வைத்தியரின் நீண்ட பணிநேரம் நாடளாவிய விவாதத்துக்குள்ளானது. 1989இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி வைத்தியரின் பணியை வாரத்துக்கு எண்பது மணிநேரமாக வரையறுத்தது. 2003இல் அமெரிக்கா முழுவதும் இவ்வரையறை வந்தது. பின்னர் பொஸ்டன் நகரில் லான்ட்றிகனும் அவர் துணைவரும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வில், இருபத்துநான்கு மணிநேரத்துக்கும் மேற்பட்ட தொடர்பணியாற்றிய பயிற்சி வைத்தியர், குறுகிய பணிமுறையில் இருந்தோரைவிட 35.9 வீதம் அதிகமான பாரதூரமான தவறுகளைச் செய்தமை கண்டறியப்பட்டது. அவ்வாய்வு வெளியான நாள் 2004 ஒக்டோபர் 28. ஆழிப்பேரலை கல்முனைக் கரையில் மோதுவதற்கு இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் குறைந்த காலமே அப்போது எஞ்சியிருந்தது.

காப்போரின் உடல்நலம்

தவறு பிறரைப் பாதிப்பது ஒருபுறம் இருக்க, காப்போரின் சொந்த உடலும் உள்ளமும் இழக்கும் இழப்பு மற்றொருபுறமாகும். 2011இல் சாந்த ராஜரத்னம் என்னும் ஆய்வாளரும் பிறரும் வட அமெரிக்காவின் 4957 பொலிஸாரிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு நாற்பதின்மர் அளவில் ஏதேனுமோர் உறக்கக் கோளாற்றின் அறிகுறி உடையோராய்க் காணப்பட்டனர். அத்தகையோரிடையே மனச்சோர்வும் இருதயநோயும் நீரிழிவும் பணித்தவறுகளும் மிகுந்திருந்தன. 2015இல் ஏறத்தாழ ஏழாயிரம் தீயணைப்போரை ஆராய்ந்தபோதும் 37.2 வீதத்தினர் இவ்வாறே காணப்பட்டனர். உடலின் நாளொழுங்கைக் குலைக்கும் முறைப்பணியை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இல் வகைப்படுத்தியது.

உள்ளத்தைப் பொறுத்தவரை உறக்கத்தின் பங்கு இன்னும் நுட்பமானது. பேரிடரிற் கண்ட காட்சிகள் நினைவிலே அமைதியுறுவதற்கு உறக்கம் வேண்டும். அக்காட்சிகளே உறக்கத்தைக் கலைப்பனவாகவும் உள்ளன. இச்சுழலில் அகப்பட்டோர் நெடுங்காலம் துன்புறுவர். ஊரின் பிணங்களைத் தம் கையால் எடுத்த இளைஞருக்குப் பின்னாளில் வீடும் வள்ளமும் வழங்கப்படுதல் கூடும். துயிலை வழங்குவதற்கு அவ்வாறான நிவாரணத் திட்டம் எதுவும் இல்லை. எனவே அவர்களின் துயில் முதல் இரவிலிருந்தே பேணப்பட வேண்டியதாகும்.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவன மூன்று. உயிர் போகும் வேளையில் உறக்கத்தைப் பற்றிப் பேசுதல் இரக்கமின்மை என்பது முதலாவது. உயிர் போகும் முதல் மணிநேரங்களில் எவரும் உறங்க வேண்டும் என எவரும் கூறார். ஆயின் பேரிடர் ஒரு மணிநேரத்தில் முடிவதன்று. 2024 நவம்பர் 26ஆந் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டபோது, தேடுதற் பணி நாட்கணக்கில் நீடித்தது. நீரோட்டத்தில் இறங்கித் தேடுவோர் களைத்திருப்பின், தேடப்படுவோர் தொகை கூடுவதற்கே அது வழியாகும். கொரோனாத் தொற்று 2020இன் இறுதியில் அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு பரவியபோது, சுகாதாரப் பணியாளரின் உழைப்பு மாதக்கணக்கில் நீண்டது. நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீளும் பணியை உறங்காது செய்தல் எவராலும் இயலாது.

பணிமுறை மாறும்போது நோயாளியைப் பற்றிய செய்தி கைமாறுகையில் தவறு நேரும் என்பது இரண்டாவது. இது புறக்கணிக்கத்தக்கதன்று. 2016இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சைப் பயிற்சியாளரிடையே நடத்தப்பட்ட பேராய்வொன்றில், நெகிழ்வான பணிநேரம் நோயாளருக்குக் கூடுதலான தீங்கு விளைவித்தமை காணப்படவில்லை. 2020இல் லான்ட்றிகன் குழுவினரே வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நீண்ட பணிமுறையை நீக்கிய இடங்களிலேயே தவறுகள் கூடியிருந்தன. அவ்விடங்களில் ஒவ்வொரு வைத்தியரும் பார்க்கவேண்டிய நோயாளர் தொகை கூடியிருந்தமை அதற்கு ஒரு காரணமாகக் காணப்பட்டது. இதனாற் பெறப்படுவது உறக்கம் பயனற்றது என்பதன்று. ஆளணியைக் கூட்டாது மணிநேரத்தை மட்டும் குறைத்தால், மிச்சமான களைப்பு வேறு வடிவில் வந்து சேரும் என்பதே அதன் பொருள். பரணிலே இருவர் இருந்தாற்றான் ஒருவர் உறங்கமுடியும். தனியொருவரை நிறுத்திவிட்டு முறைமாறுமாறு கட்டளையிடுதல் வீண்.

மூன்றாவது, காப்போரே கூடுதல் நேரத்தை விரும்புகின்றனர் என்பது. மேலதிக நேரக் கொடுப்பனவு குடும்ப வருமானத்தின் கணிசமான பங்காய் இருக்குமிடத்து ஊழியர் தம் உறக்கத்தை விற்றே பிள்ளைகளைப் படிப்பிக்கின்றனர். இங்குக் குற்றம் அவர்கள்மேலதன்று. உறங்கி எழுந்து செய்யும் பணிக்குப் போதிய ஊதியம் இல்லாமையே சீர்செய்யப்பட வேண்டியது.

செய்யத்தக்கன

2004இன் பின் நாட்டில் மாற்றங்கள் பல நிகழ்ந்தன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டுக் கரையோர மக்கள் உள்நோக்கி நகர்ந்தனர். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. இவையாவும் வரவேற்கத்தக்கவை. ஆயின் கோபுரத்தின் ஒலி, இரவெல்லாம் கருவிகளைக் கண்காணிக்கும் ஒருவரின் விழிப்பில் தங்கியுள்ளது. அம்புலன்ஸின் வேகம் அதன் சாரதியின் இமைகளில் தங்கியுள்ளது. கருவிகளுக்கு மின்கலமும் எரிபொருளும் கணக்கிடும் திட்டம், மனிதருக்கு உறக்கத்தையும் கணக்கிட்டாலன்றி முழுமையுறாது.

கல்முனைக் கரையின் வரலாறு இங்குச் சில வழிகளைக் காட்டுகின்றது. கரையோர ஊர்களில் காப்போரே பாதிக்கப்பட்டோராகவும் இருத்தலால், முதல் இரவு முடியுமுன் அவர்களை விடுவிக்கும் இரண்டாம் அணி, கடலெட்டாத சம்மாந்துறையிலிருந்தும் அம்பாறை நகரிலிருந்தும் வருவதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்படவேண்டும். வெள்ளத்தின்போது தாழ்நில வீதிகள் மூடப்படும் என்பதும் அவ்வொழுங்கிற் கருதப்பட வேண்டும். பள்ளிவாசல், கோயில், இளைஞர் சங்கம் ஆகியவற்றின் தொண்டர் பட்டியல்கள் பெயர்களை மட்டுமன்றி முறைகளையும் கொண்டிருத்தல் நன்று. வைத்தியசாலைகளிலும் கல்முனை மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு போன்ற இடங்களிலும் இருளும் அமைதியும் உடைய உறங்கும் அறைகள் வேண்டும். நீண்ட விமானப் பயணத்தில் விமானிகளுக்கு ஏறத்தாழ இருபத்தாறு நிமிடச் சிறுதுயில் அளித்தபோது அவர்களின் விழிப்பும் திறனும் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததை நாசா நிறுவனம் 1990களில் காட்டியது. கைலூலாவை அறிந்த ஊர்களுக்கு அப்பாடம் அந்நியமன்று. நீண்ட இரவுப்பணியின்பின் ஊழியர் தாமே மோட்டார் சைக்கிளோட்டி வீடு திரும்பாது அழைத்துச் செல்லப்படுவதும் சிறிய செலவில் பெரிய பாதுகாப்பாகும். நீண்ட தொடர்பணி முடித்துத் திரும்பும் பயிற்சி வைத்தியர் வீதிவிபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரு மடங்கிலும் கூடுதல் என்பது 2005இல் காட்டப்பட்டதொன்றாகும்.

இவை அனைத்திலும் முதன்மையானது மனப்பாங்கில் ஏற்படவேண்டிய மாற்றமேயாகும். உறங்காது நின்றவரைப் புகழும் சமூகம், உரிய வேளையில் முறையை மாற்றி உறங்கச் சென்றவரைக் கடமை தவறியவராகக் காணும் வழக்கம் இன்னும் உள்ளது. யாமத்தை அளந்த பழந்தமிழரும், இரவைப் பகிர்ந்துகொண்ட நபித்தோழரும், வட்டைப் பரணில் முறைவைத்துத் துயின்ற கல்முனை வேளாளரும் அவ்வாறு கருதினாரல்லர். அடுத்தவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் உறங்குதலும், அடுத்தவர் உறங்கவேண்டும் என்பதற்காக விழித்திருத்தலும் காவலின் இரு பகுதிகள். அலை மீண்டும் வரும் நாளை எவரும் அறியார். அந்நாளில் கல்முனைக் கரையில் கைகொடுக்க வருவோர் முன்னிரவில் உறங்கியவராயும், அடுத்த இரவில் உறங்க வாய்ப்புடையவராயும் இருக்குமாறு செய்தல், இன்றே செய்யக்கூடிய பணியாகும்.